வழித்த கழுத்து

ஊசியக்காவின் கழுத்தைப் பிடித்தவன் அவளிடம் ஊசி வைத்தியத்துக்கு வந்தவன் இல்லை. டயர் கடைக்காரன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையெல்லாம் கிரீஸும் கறுப்புமாக, நல்ல பகலில் படியேறி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யார், என்ன என்று கேட்பதற்குள் மேசையைப் பிடித்துக் கவிழ்த்தான். முதுகில் ஒட்டவைக்கிற கண்ணாடிக் குவளைகள் அத்தனையும் அந்த மேசைமேல்தான் கழுவிக் காயவைத்திருந்தன. அவை உடைந்த சத்தத்தில், கீழே இருக்கிற மருந்துக்கடைக்காரர் தன் கடைதான் இடிந்துவிட்டது என்று தெருவுக்கு ஓடினாராம்.

முதல் கட்டிலில் ஒரு வாட்ச்மேன் குப்புறப் படுத்திருந்தார். இழுப்பு நோய்க்காரர். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் மேலே வருவார். அன்றைக்கு முதுகில் குவளைகள் ஒட்டியபடியே எழுந்து ஒரே பாய்ச்சலில் கீழே போய்விட்டார். எந்த ஊசிக்கும் கேட்காத இழுப்பு அடிக்குப் பயந்து ஓடிவிட்டதென்று ஊசியக்கா வேறொரு நாளாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆனால் அப்போது அவள் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். நின்றாள் என்றுகூடச் சொல்லமுடியாது, குதிகால் தரையில் படவில்லை. டயர் கடைக்காரனின் ஒரு கை அவள் கழுத்தில் இருந்தது. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலும் மறுபக்கம். லாரி டயரை நெம்பிக் கழற்றுகிற கை.

"என் தங்கச்சி கழுத்த என்னடி பண்ணி வெச்சிருக்க? குரலே போச்சு அவளுக்கு. தண்ணிகூட இறங்கல. இதுக்குப் பேரு வைத்தியமா?"

எந்தத் தங்கச்சி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற பெண். அந்தப் பெண் இந்தப் படியேறி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்கிற பதிலும் ஊசியக்காவிடம் தயாராக இருந்தது. பதில் சொல்லத் தொண்டை வேண்டுமே? கேள்வியையும் கேட்டுவிட்டுக் குரல்வளையையும் நெரிக்கிறவனிடம் யாரால் என்ன சொல்லமுடியும்?

காது அடைத்தது. கண்ணுக்கு முன்னால் கறுப்பு வட்டங்கள் வந்தன. உதைத்த காலில் ஊசித் தட்டு கவிழ்ந்தது. சுவரில் மாட்டியிருந்த, உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக வரைந்த மனிதப் படம் கிழிந்து அவள் தோளில் விழுந்தது. சாகப்போகிறோம் என்று நினைத்தாள். இப்படியா, ஒரு தப்பும் செய்யாமலா என்று கோபமும் வந்தது. மூளை நின்றுபோன அந்த நேரத்தில் கை தானாக வேலை செய்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சதைப்பற்றான இடம் உண்டு. பல்வலி, தலைவலி என்று வருகிறவர்களுக்கு அவள் தினமும் ஊசி போடுகிற இடம். அவன் கையில் அதைத் தேடிப்பிடித்து, எலும்பு தட்டுகிறவரை நகத்தை இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு கையை உதறினான். அவள் கண்ணாடித் துண்டுகள்மேல் சரிந்து விழுந்தாள்.

அவன் விடவில்லை. கொளுத்தி உடம்புக்குச் சூடு காட்டுகிற மூலிகைச் சுருட்டுகள் இருந்த டப்பாவை எத்தினான். அடுத்த உதை அவள் விலாவில் விழுந்தது. இன்னொன்றுக்குக் காலை ஓங்கினான். அவள் கையை நீட்டி, "தம்பி, இரு" என்றாள்.

வந்தது அவள் குரல் இல்லை. உப்புத்தாளை மரத்தில் தேய்த்தமாதிரி ஒரு சத்தம். ஓங்கின கால் அந்தரத்திலேயே நின்றது. காலையில் தங்கச்சி வீட்டில் அவன் கேட்ட சத்தமும் அதுதான்.

ஊசியக்காவும் அதைக் கேட்டிருக்கிறாள், பல மாதமாக.

அந்தப் பெண் முதல்முதலாக வந்தபோதே கூடப் புருஷனும் வந்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வெளுத்த சட்டை, ஒட்ட வெட்டிய நகம், அதிராத பேச்சு. பெண்டாட்டியின் கைப்பையைத் தானே தூக்கிவந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தான். தொண்டை அடைக்கிறது, குரல் கம்மிவிட்டது, எதை விழுங்கினாலும் நடுவில் ஏதோ நிற்கிறது என்று நோயையும் அவனே சொன்னான். ஊசியக்கா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தாள். நாடி முறுக்கின கம்பிபோல விறைத்திருந்தது. அவளுக்குப் பரம திருப்தி. சீன வைத்தியத்தில் அதற்குப் பழக்கொட்டை என்று பேர். வெளியே கொட்டாமல் விழுங்கின கோபம், பழக்கொட்டைபோலத் தொண்டையில் சிக்கி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நிற்கும் என்பார்கள். நாடி, நாக்கு, தொண்டை மூன்றும் புத்தகத்தில் போட்டபடியே பொருந்திவந்தால் எந்த வைத்தியருக்குத்தான் தலை கனக்காது?

மனதில் பூட்டிவைக்காமல் பேசவிடுங்கள், கத்தினாலும் கத்தட்டும் என்று அவள் புருஷனிடம் சொன்னாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்திதான் டாக்டரம்மா என்று அவன் சிரித்தான். ஊசியக்காவும் சிரித்தாள். அதற்கப்புறம் மற்ற பெண்களின் புருஷன்மாரை அவள் இவனை வைத்துத்தான் குத்திக்காட்டுவாள், பாருங்கள் ஒரு தங்கமான மனுஷன் என்று.

கட்டிலோரம் அவள் ஒரு மர நாற்காலி போட்டிருந்தாள். ஊசி என்றாலே நடுங்குகிறவர்கள், வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் உடம்பை இறுக்கமாட்டார்கள் என்பது அவள் கண்ட அனுபவம். அந்த நாற்காலியில் கண்ணாடிக் கடைக்காரன் ஒரு தடவைகூடத் தவறாமல் உட்கார்ந்தான். தூக்கம் எப்படி, வலி எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று அவள் கேட்பாள். படுத்திருக்கிறவளுக்குக் குரல் இல்லாததால் அவனே பதில் சொல்வான். கேட்கிறவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மணிக்கட்டிலும் தொண்டைக்குழியிலும் ஊசி போட்டு எடுத்தபிறகு வழிப்பு. எருமைக் கொம்பில் செய்த ஒரு தகடு, உள்ளங்கை அகலம், வழுவழுவென்று இருக்கும். கழுத்தில் எண்ணெய் தடவி அதால் மேலிருந்து கீழாக அழுத்தி வழித்தால் தோலுக்கடியில் சிவப்புக் கோடுகள் எழும்பும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு நோய் வெளியே வந்ததாகக் கணக்கு. மூன்று நாளில் மங்கி மறைந்துவிடும். இந்தப் பெண்ணுக்கு மட்டும் மறையவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கழுத்தில் சுற்றிவருகிற துணியை அவிழ்த்தால் அடியில் திட்டுத்திட்டாகச் சிவப்பும் நீலமும் நிற்கும். போன தடவை நீங்கள் வழித்ததுதான், இன்னும் போகவில்லை என்பான் புருஷன். ரத்தம் உறைந்து நிற்கிறது, இன்னும் அழுத்தித்தான் வழிக்கவேண்டும் என்று ஊசியக்கா அதன்மேலேயே கொம்பை வைப்பாள். அந்தப் பெண்ணின் கால்விரல்கள் மடங்கும். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடும். புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொள்வான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இதைத் தாண்டிப்போக எனக்கு மனசில்லை. சறுக்கின ஆனை தானே விழும். இங்கே விழுந்தது அடுத்தவள்.

நோயாளிகளுக்கு அவர்கள் நாக்கையே காட்டுகிற கைக்கண்ணாடி ஒன்று கட்டிலுக்கு அடியில் உடையாமல் கிடந்தது. ஊசியக்கா அதை இழுத்துத் தன் கழுத்தைப் பார்த்தாள். கிரீஸ் கை அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் கறுப்பைத் துடைத்தாள். கறுப்பு போனது, அடியில் சிவப்பு நின்றது. இடப்பக்கம் வரிசையாக நாலு திட்டு. வலப்பக்கம் பெரிதாக ஒன்று. அந்தத் திட்டுகளை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். எது எவ்வளவு அகலம், எது முதலில் நீலமாகும் என்பதுவரை தெரியும். எத்தனை தடவை அவற்றின்மேல் எண்ணெய் தடவியிருக்கிறாள்!

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று ஆளாளுக்குப் பேச்சுக்குச் சொல்கிறோம். அவள் அதைக் கொம்புத் தகட்டால் செய்திருந்தாள், கட்டிலில் படுக்கவைத்து, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து.

"தம்பி, என் கழுத்தப் பாரு. உன் தங்கச்சி கழுத்தும் இப்படித்தானே இருக்கு?"

அவன் பார்த்தான்.

"நான் வழிச்சா கோடுகோடா வரும். இது கோடு இல்ல. அவ ரெண்டு வாரமா இங்க வரவே இல்ல. இது கை, தம்பி."

அவனுக்கு மண்டையில் ஏறவில்லை. மாப்பிள்ளை ஒருநாள் ஒருபொழுது சத்தம்போட்டுப் பேசினதில்லை என்றான். அந்தச் சம்பந்தத்தைப் பார்த்துப் பேசி முடித்ததே தான்தான் என்றான். வைத்தியக்காரம்மா கொஞ்சம் அழுத்தி வழித்துவிட்டார் என்று மாப்பிள்ளைதான் சொன்னாராம், தங்கச்சியும் தலையாட்டினாளாம். அவள் தலையாட்டும்போது மாப்பிள்ளை எங்கே இருந்தான் என்று ஊசியக்கா கேட்டாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் என்றான் டயர் கடைக்காரன். சொல்லிவிட்டு, தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் போனாள். சற்றுமுன் தன்னைக் கொல்லப்பார்த்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. காலையில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் உள்ளே வீங்கிக்கொண்டிருக்கிறது. வீக்கம் ஏற ஏறக் காற்றுப்போகிற வழி சுருங்கும். அந்தப் பெண் மூச்சோடு இருக்கவேண்டும், அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கதவைக் கண்ணாடிக் கடைக்காரனே திறந்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். வாங்க மச்சான் என்று சிரித்தான், அவள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள், எழுப்பவேண்டாமே என்றான். டயர் கடைக்காரன் வாசலில் தயங்கினான். அந்தச் சிரிப்பையும் வெளுத்த சட்டையையும் பார்த்தால் யாருக்கும் தயக்கம் வரும். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பான்.

அப்போது கண்ணாடிக் கடைக்காரன் ஊசியக்காவின் கழுத்தைப் பார்த்தான். பார்த்தவன் என்ன ஆச்சு டாக்டரம்மா என்று கேட்கவில்லை. அவன் கண் நேராக மச்சானின் வலதுகைக்குப் போனது.

அந்த ஒரு பார்வை போதும். அப்படிப்பட்ட தடத்தைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்கிறவனின் கையைத் தேட, தானும் அதைச் செய்து பழகினவனுக்குத்தான் தோன்றும். டயர் கடைக்காரனும் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டான்.

அவன் மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினான். மூக்குக்கண்ணாடி நொறுங்கி ஒரு துண்டு கன்னத்தில் ஏறியது. இரண்டாவது மோதலில் பல் தெறித்தது. கீழே விழுந்தவனை இழுத்துத் திருப்பி, நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். வெள்ளைச் சட்டை சிவப்பாகிக்கொண்டிருந்தது. ஊசியக்கா அவர்களைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

அந்தப் பெண் தூங்கவில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். ஒரு கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்துக்கொண்டு உள்ளே போனது. உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் பழைய நீலத்தின்மேல் புதுச் சிவப்பு. நாலும் ஒன்றும். அண்ணன் காலையில் கோபமாகக் கிளம்பிப் போனது எங்கே போய் முடியுமோ என்கிற பயத்தில், புருஷன் மறுபடியும் கை வைத்திருக்கிறான். ஊசியக்கா அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். தலையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். தொண்டைக்குழிக்கு ஊசி, மணிக்கட்டுக்கு ஊசி என்று அவள் படித்ததெல்லாம் அப்போது அவளுக்கே வெறும் விளையாட்டாகத் தெரிந்தது.

முன்னறையில் சத்தம் மாறியது. அடி நின்றுவிட்டது. அதற்குப் பதில் கொரகொரவென்று ஒரு சத்தம், குதிகால் தரையில் தட்டுகிற சத்தம். திறந்திருந்த கதவு வழியாக ஊசியக்கா பார்த்தாள். டயர் கடைக்காரனின் வலதுகை மாப்பிள்ளையின் கழுத்தில் இருந்தது.

அவளுக்கு அந்தக் கையின் பலம் தெரியும். அதற்கு ஒரு கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சாகட்டும் என்று நினைத்தாள், நன்றாக, தெளிவாகவே நினைத்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்தவன் சாகட்டும்.

மடியில் சாய்ந்திருந்தவள் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வாயைத் திறந்தாள். காற்றுக்கே வழியில்லாத தொண்டையிலிருந்து, "அண்ணா" என்று ஒரு சொல் வந்தது. புருஷனுக்காக வந்த சொல் இல்லை அது. கண் அண்ணன்மேல்தான் இருந்தது.

ஊசியக்கா எழுந்து போய் டயர் கடைக்காரனின் கையில் அதே இடத்தைத் தேடினாள். சற்றுமுன் தன் நகம் பதிந்த காயத்திலேயே மறுபடியும் நகத்தை இறக்கினாள்.

"இவன் செத்தா நீ உள்ள போவ. அவ திரும்பவும் யாருமில்லாம நிப்பா. விடு, தம்பி."

கை திறந்தது. டயர் கடைக்காரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். கண்ணாடிக் கடைக்காரன் தரையில் புரண்டு, ரத்தமும் எச்சிலுமாகக் கக்கி, மூச்சை இழுத்தான். அந்த விசில் சத்தத்தைக் கேட்க ஊசியக்காவுக்கு இதமாக இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் வைத்துத்தான் அந்தப் பெண்ணைப் பிழைக்கவைத்தார்கள். புருஷன் பல் போன வாயாலும் தன் பாட்டையே பாடினான், கழுத்தில் இருப்பதெல்லாம் வைத்தியக்காரி வழித்தது என்று. இன்ஸ்பெக்டர் ஊசியக்காவைக் கேட்டார். அவள் கொம்புத் தகட்டை எடுத்துத் தன் முன்னங்கையிலேயே வழித்துக் காட்டினாள். கோடு எழும்பியது. இது என்னுடையது, அது அவனுடையது, அது அவன் செய்தது என்று தெரியாமல் அதன்மேலேயே பல தடவை வழித்தவள் நான் என்றாள். சரி, உங்கள் கழுத்தில் இருப்பது என்ன என்று கேட்டார். டயர் கடைக்காரன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டு, மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். கழுத்திலா என்றார் இன்ஸ்பெக்டர். ஆமாம், கழுத்தில்தான் என்றாள். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாய்க்கு வந்தது என்பதையே அவள் அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குழாயை எடுத்து, குரல் கொஞ்சம் திரும்பினபிறகு, ஊசியக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலோரம் நின்றுகொண்டே பேசினாள். இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை, ஒரு ஜாடை, ஏனம்மா என்னிடம் காட்டவில்லை என்று கேட்டேவிட்டாள். கேட்காமல் வந்திருக்கலாம்.

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையேக்கா. எல்லாத்தையும் அவரைத்தானே கேட்டீங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அது இறங்குவதற்கு நேரம் பிடித்தது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அவர் பிடிச்சா கொஞ்ச நேரத்துல விட்டுடுவாரு. மறுநாள் நீங்க அது மேலயே வெச்சு வழிப்பீங்க பாருங்க, அந்த வலிதான் தாங்கமுடியாது. கத்தலாம்னு வாயைத் தொறப்பேன். அவர் கையைப் பிடிச்சு அமுக்குவாரு. நீங்க, இன்னும் கொஞ்சம்தான்மா, நல்லா வருதுன்னு சொல்வீங்க."

ஊசியக்காவின் தொண்டையில் ஏதோ வந்து நின்றது, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல்.

திரும்பி வந்து மாடியேறினாள். கண்ணாடித் துண்டுகளை மருந்துக்கடைக்காரர் கூட்டிவைத்திருந்தார். டயர் கடைக்காரன் அத்தனையும் உடைத்தவன், கட்டிலோரத்து நாற்காலியை மட்டும் தொடாமல் விட்டிருந்தான். அவள் அதன் முதுகைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ஒரு கால் முறிந்தது. காரை பெயர்ந்து விழுந்தது. மறுபடியும் அடித்தாள். இருக்கைப் பலகை பிளந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிய வழிய, கையில் வெறும் குச்சி மிஞ்சுகிறவரை அடித்தாள். அந்த டயர்காரன் மறுபடியும் வந்துவிட்டானா என்று கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் பதறிக் கத்தினார்.

"இல்ல, நான்தான்" என்றாள், இன்னும் தெளியாத அந்தக் கம்மல் குரலில்.

அப்புறம் கொம்புத் தகட்டை எடுத்துத் தரையில் வைத்து, முறிந்த நாற்காலிக் காலால் ஓங்கி ஓங்கி அடித்தாள். மரம் தும்பு தும்பாகச் சிதறியது. தகட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.